சிலேட்டில் எழுதிய கடிதம்

படிப்பு மனிதனை உயர்த்தும் என்று எல்லோரும் சொல்கிறோம். எழுத்தைக் கண்ணுக்குச் சமமாக வைத்துப் பேசிய மரபு நம்முடையது. ஆகையால் இதில் விவாதத்துக்கு இடமிருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் பெரிய நாவலாசிரியர்களிடம் போய்க் கேட்டால் அவர்கள் சற்றுத் தயங்குகிறார்கள். புத்தகம் எழுதிப் பிழைக்கிறவர்களே புத்தகத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்திருக்கிறார்கள் என்பது வேடிக்கையான விஷயம்தான்.

ஸ்பெயின் தேசத்து ஸெர்வாண்டிஸின் ‘டான் க்விக்ஸோட்’ முதல் பாகம் வெளிவந்தது 1605-இல். வீரதீரக் கதைகளை இரவு பகலாகப் படித்து மூளை கலங்கிப் போன ஒருவர், காற்றாலைகளை ராட்சதர்கள் என்று எண்ணி ஈட்டியோடு பாய்கிறார். 1857-இல் புத்தகமாக வந்த ஃப்ளாபேரின் ‘மதாம் பொவாரி’யில், கன்னிமாடத்துப் பள்ளியில் காதல் கதைகளைத் திருட்டுத்தனமாகப் படித்து வளர்ந்த எம்மா, அந்தக் கதாநாயகர்களை அளவுகோலாக வைத்துத் தன் கணவனை அளந்து பார்க்கிறாள். அவன் தேறவில்லை. முடிவில் அவள் விஷம் தின்று சாகிறாள். இரண்டும் மகத்தான நாவல்கள். இரண்டும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: புத்தகத்துக்குள்ளே இருப்பது மனிதனை என்ன செய்கிறது?

இதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. எழுத்துத் தெரிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால், ஒருவனுக்கும் அவன் வீட்டில் எழுத்துத் தெரியாமல் இருக்கிறவர்களுக்கும் நடுவே என்ன நேர்கிறது? க்விக்ஸோட்டைவிட, எம்மாவைவிட, நம் வீடுகளுக்கு மிக அருகில் இருக்கிற கேள்வி இது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டணத்துக்குப் போய்ப் படித்தவர்கள், அப்படிப் படிக்கவைத்துவிட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்கள் என்று இந்த இரண்டு கட்சியிலும் நமக்கு உறவினர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நேருக்கு நேராக எடுத்துக்கொண்ட நாவல் சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்பது என் அபிப்பிராயம். அதைக் காதல் கதை என்று படித்தவர்கள் உண்டு. மர்மக் கதை என்று படித்தவர்களும் உண்டு. படிப்பைப் பற்றிய கதையாக அதை ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

அது தொடர்கதையாக எழுதப்பட்ட நாவல். டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் வேறொருவரின் தொடர்கதை எடுபடாமல் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. பத்திரிகையைக் காப்பாற்ற ஆசிரியரே களத்தில் இறங்கினார். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை வாரா வாரம் வெளிவந்தது கதை. தொடர்கதை என்றாலே மட்டம் என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்த ஓர் உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்ட் சீமையின் சதுப்பு நிலத்து ஓரத்தில் ஒரு கிராமம். பிப் என்ற அநாதைச் சிறுவனை அவனுடைய அக்காளும், அவள் புருஷன் ஜோ கார்ஜரி என்ற கொல்லனும் வளர்க்கிறார்கள். அக்காள் பிரம்பால் வளர்க்கிறாள். ஜோ அன்பால் வளர்க்கிறான். தப்பியோடி வந்த மாக்விச் என்ற கைதிக்குப் பயந்துகொண்டு பிப் ஒரு நாள் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். பிறகு, பக்கத்து ஊரில் பாழடைந்த மாளிகையில் வாழும் மிஸ் ஹாவிஷாம் என்ற பணக்காரக் கிழவியின் வீட்டுக்கு விளையாடப் போகிறான். அங்கே எஸ்டெல்லா என்ற அழகியைப் பார்க்கிறான். சில வருஷங்கள் கழித்து, பெயர் தெரியாத யாரோ ஒருவரின் பணத்தில் பட்டணம் போய்க் கனவானாகிறான். பணம் கொடுத்தது அந்தக் கைதி மாக்விச்தான் என்பது பின்னால் தெரியவருகிறது.

இதில் படிப்பு எங்கே வருகிறது? முதல் பக்கத்திலேயே வருகிறது. கதை தொடங்கும்போது பிப் இடுகாட்டில் நிற்கிறான். தாய் தகப்பன் முகத்தை அவன் பார்த்ததில்லை. கல்லறைக் கல்லில் பொறித்திருக்கும் எழுத்துக்களின் வடிவத்தைப் பார்த்து, அப்பா சதுரமான உடம்பும் கறுத்த சுருட்டை முடியும் உள்ள மனிதராக இருந்திருக்க வேண்டும் என்று கற்பனை செய்துகொள்கிறான். குழந்தைக்கு எழுத்து முதலில் இப்படித்தான் அறிமுகமாகிறது. இழந்துபோன ஒரு மனிதரின் முகமாக.

அடுத்த கட்டம் பள்ளிக்கூடம். வாப்ஸில் என்பவரின் கிழட்டுப் பாட்டி முறை உறவினள் ஒருத்தி மாலையில் ஒரு மணி நேரம் பள்ளி நடத்துகிறாள். வாரத்துக்கு இரண்டு பென்னி சம்பளம். அந்தக் காசுக்கு அவள் தூங்குவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கலாம்; அவ்வளவுதான் கல்வி. அவளுடைய பேத்தி பிட்டி என்ற சிறுமிதான் பிப்புக்கு உண்மையில் எழுத்துக் கற்றுக் கொடுக்கிறாள். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிகளை நாடெங்கும் ஏற்படுத்த வழி செய்யும் சட்டம் வந்தது 1870-இல். கதை நடப்பது அதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால். ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த எழுத்தெல்லாம் இப்படிப் பொறுக்கிச் சேர்த்த எழுத்துத்தான். மாக்விச்சுக்குக்கூட ஒளிந்து திரிந்த ஒரு சிப்பாய் படிக்கச் சொல்லித் தந்தான். காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் காட்டிப் பிழைத்த, ஊர் சுற்றும் நெட்டை மனிதன் ஒருவன் எழுதச் சொல்லித் தந்தான்.

இப்போது ஏழாவது அத்தியாயத்துக்கு வருவோம். மாரிக்கால இரவு. அடுப்பருகே ஜோவும் பிப்பும் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிப் முழங்கால்மேல் சிலேட்டை வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு மணி நேரம் மெனக்கெட்டு ஒரு கடிதம் எழுதுகிறான். யாருக்கு? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஜோவுக்கு! எழுத்துக்கள் தலைகீழாகவும் கோணலாகவும் கிடக்கின்றன. சௌக்கியமா என்று விசாரிக்கிறான். சீக்கிரத்தில் உனக்கும் கற்றுக் கொடுப்பேன் என்கிறான். அவ்வளவுதான் விஷயம். ஜோ அதைக் கையில் வாங்கி, நீ எப்பேர்ப்பட்ட பண்டிதன் என்று வியந்து போகிறான்.

ஜோவுக்கு எவ்வளவு படிக்கத் தெரியும்? தன் பெயரின் இரண்டு எழுத்துக்கள் தெரியும். மாதா கோவிலில் ஜெபப் புத்தகத்தைப் பிப் தவறுதலாகத் தலைகீழாகப் பிடித்திருந்தபோதும் ஜோ அதே பக்தியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று டிக்கன்ஸ் குறும்பாகச் சொல்கிறார். நல்ல புத்தகமோ பத்திரிகையோ கிடைத்து, கணப்பருகே உட்கார்ந்து, அதற்குள் தன் பெயர் எழுத்துக்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஜோவுக்கு அலாதி ஆனந்தம். சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள் ஜோ தன் கதையைச் சொல்கிறான். குடிகாரத் தகப்பன், அடிக்குப் பயந்து தாயும் பிள்ளையும் ஓடிப்போவார்கள், தாய் எங்காவது வேலை தேடிக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவாள், தகப்பன் கூட்டத்தோடு வந்து வாசலில் நின்று ரகளை செய்து இழுத்துப் போய்விடுவான். படிப்பு அதோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட தகப்பன் இறந்தபோது, கல்லறையில் பொறிப்பதற்காக ஜோ தன் வாயாலேயே இரண்டடிப் பாட்டு ஒன்று கட்டினான். லாடம் அடிப்பதுபோல் ஒரே அடியில் வந்து விழுந்தது அந்தப் பாட்டு. ஆனால் நோயாளித் தாயை வைத்துக்கொண்டு அதைக் கல்லில் வெட்டக் காசில்லை.

எழுத்துத் தெரியாதவனுக்குள் ஒரு பாட்டு இருந்தது. அதைப் பொறிக்கக் கல் கிடைக்கவில்லை. இந்த ஒரு பக்கத்துக்காகவே டிக்கன்ஸுக்கு நூறு குற்றங்களை மன்னிக்கலாம். அன்று இரவுதான் ஜோவின்மேல் தனக்குப் புதிய மரியாதை பிறந்தது என்று பிப் எழுதுகிறான். எழுத்துத் தெரிந்தவன் எழுத்துத் தெரியாதவனை அண்ணாந்து பார்க்கிறான். நாவலில் படிப்பு தன் நல்ல வடிவத்தில் இருக்கும் இடம் இதுதான். பக்கத்தில் இருப்பவனுக்கு எழுதிய கடிதம். கற்றதை உடனே பங்கு போடும் ஆசை. எதிரே உள்ள மனிதரின் கதையைக் கேட்கும் பொறுமை.

மறு அத்தியாயத்திலேயே இது கெட்டுப் போகிறது. ஹாவிஷாம் மாளிகையில் எஸ்டெல்லா சீட்டாடுகிறாள். ஒரு சீட்டைப் பட்டிக்காட்டுப் பெயரால் பிப் அழைத்துவிட்டான். அவன் கையின் முரட்டுத்தனத்தையும் பூட்ஸின் கனத்தையும் அவள் சொல்லிக் காட்டுகிறாள். அந்த நிமிஷம் வரை தன் கைகளைப் பற்றிப் பிப்புக்கு வெட்கமே கிடையாது. வீட்டுக்குத் திரும்பும்போது அவனுடைய மனத்தாங்கல் எஸ்டெல்லாமேல் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்த ஜோமேல்! ஜோவைக் கொஞ்சம் நாகரிகமாக வளர்த்திருந்தால் தானும் நாகரிகமாக வளர்ந்திருக்கலாமே என்று எண்ணுகிறான். அதன் பிறகு பிட்டியிடம் போய், உனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடு என்று கேட்கிறான். அதே சிறுவன், அதே சிலேட்டு, அதே அகர வரிசைதான். முன்பு ஜோவுக்காகப் படித்தான். இப்போது எஸ்டெல்லாவின் கண்ணுக்காகப் படிக்கிறான். எல்லா வித்தியாசமும் அதில்தான்.

இந்த வித்தியாசத்தை டிக்கன்ஸ் எப்படி நிரூபிக்கிறார் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பீரங்கி மேட்டில் உட்கார்ந்து பிப் ஜோவுக்குப் பாடம் நடத்துகிறான். உடைந்த சிலேட்டும் குட்டைப் பலப்பமும்தான் சாதனங்கள். ஜோ சுங்கானைப் புகைத்துக்கொண்டு, மகா மேதாவியைப் போல உட்கார்ந்திருக்கிறான். ஒரு வாரம் படித்தது மறு வாரம் நினைவில் இருப்பதில்லை. ஜோவுக்கு மூளை மட்டு என்று வாசகர் முடிவு கட்டிவிடலாம். ஆனால் தான் ஏன் கற்றுக் கொடுத்தேன் என்பதைப் பிப்பே ஒப்புக்கொள்கிறான். ஜோ தன்னோடு பழகத் தகுதியுள்ளவனாக வேண்டும். எஸ்டெல்லா பழித்துச் சொல்ல இடமில்லாதவனாக வேண்டும். வெட்கத்தில் பிறந்த பாடம் அது. அது ஏறவில்லை.

பிப் பட்டணம் போகும்போது அந்தப் பொறுப்பைப் பிட்டியிடம் ஒப்படைக்கிறான். ஜோவின் படிப்பையும் பழக்க வழக்கங்களையும் கொஞ்சம் சீர்படுத்து என்கிறான். பழக்க வழக்கத்துக்கு என்ன குறை என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். தான் நன்றாகவும் மரியாதையாகவும் நிறைந்திருக்கிற இடத்தைவிட்டு யாரும் தன்னைத் தூக்கிப் போக விடாத கர்வம் ஜோவுக்கு இருக்கலாம் அல்லவா என்கிறாள். பிப்புக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவள் பொறாமையால் பேசுவதாக முடிவு செய்துகொள்கிறான். படித்தவனுக்கு எளிதில் கைவரும் தற்காப்பு இது: உண்மை சொல்கிறவர்களுக்குப் பொறாமை என்று பெயர் வைத்துவிட்டால், பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

பிறகு லண்டன். கனவானாகப் போகிறவன் முதலில் ஓடியது தையற்காரனிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்யூ பாக்கெட் என்ற நல்ல மனிதரிடம் அவன் படிக்கிறான். என்ன படிக்கிறான்? புத்தகங்களில் தனக்கு ருசி உண்டு, ஒழுங்காகப் படித்தேன் என்கிறான். ஆனால் அவன் மனத்தை அசைத்த ஒரு புத்தகத்தின் பெயரையும் நாவல் நமக்குச் சொல்வதில்லை. க்விக்ஸோட் எந்தப் புத்தகங்களைப் படித்துக் கெட்டார் என்று ஸெர்வாண்டிஸ் பட்டியலே தருகிறார். டிக்கன்ஸ் தரவில்லை. இதைக் குறையாகச் சொல்லும் விமர்சகர் இருக்கலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது. பிப்பின் படிப்புக்கு உள்ளீடு கிடையாது. அது தையற்காரன் தைத்துக் கொடுத்த சட்டையின் தொடர்ச்சி. எதைப் படித்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

அந்தப் பாக்கெட் குடும்பமும் ரசமான ஒரு உதாரணம். கணவர் ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். குடும்ப நிர்வாகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பேர்போனவர். குழந்தை வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் சிறந்த பாடப் புத்தகங்கள் என்று மதிக்கப்பட்டவை. அவர் வீட்டில் குழந்தைகள் உருண்டு விழுந்துகொண்டேயிருக்கின்றன. வேலைக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். மனைவியோ, பட்டம் பதவி பெற்ற பிரபுக்களின் பரம்பரைப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை. இருவரும் கெட்டவர்கள் அல்ல. படித்ததற்கும் வாழ்வதற்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பிக்கொண்டவர்கள், அவ்வளவே.

27-ஆவது அத்தியாயத்தில் ஜோ பட்டணத்துக்கு வருகிறான். வரப்போகும் செய்தியைப் பிட்டி கடிதமாக எழுதுகிறாள். அதைப் படித்த பிப்புக்குச் சந்தோஷமில்லை. காசு கொடுத்து ஜோவை நிறுத்த முடியுமானால் கொடுத்திருப்பேன் என்கிறான். ஜோ மாடிப்படி ஏறி வருகிறான். ஒவ்வொரு தளத்திலும் நின்று கதவுப் பெயர்களைப் படித்துப் பார்க்க அவனுக்கு நேரம் பிடிக்கிறது. கடைசியில் கதவுக்கு வெளியே நிற்கிறான். வர்ணத்தால் எழுதியிருக்கும் பிப்பின் பெயரை, எழுத்து எழுத்தாக, ஜோவின் விரல் தடவிப் பார்க்கும் ஓசை உள்ளே இருக்கிற பிப்புக்குக் கேட்கிறது.

உலக நாவல்களில் வாசிப்பைப் பற்றி வந்திருக்கும் காட்சிகளில் இதற்கு நிகரானது அபூர்வம். தன் பெயரின் இரண்டு எழுத்துக்களைத் தவிர வேறெதுவும் புத்தகத்தில் கண்டறியாதவன், தான் வளர்த்த பிள்ளையின் பெயரை விரலால் படிக்கிறான். கல்லறை எழுத்தில் அப்பாவின் முகத்தைத் தேடிய பிப், கதவுக்கு மறுபுறம் நின்று அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு, எப்போது போவான் என்று எண்ணுகிறான். உள்ளே வந்தபின் ஜோ அவனை ‘ஸார்’ என்று அழைக்கிறான். தொப்பியை வைக்க இடம் தெரியாமல் கீழே போட்டுப் போட்டு எடுக்கிறான். புறப்படும்போதுதான் பழைய ஜோவாகிறான். வாழ்க்கை பிரிவுகளைச் சேர்த்துப் பற்றவைத்தது, ஒருவன் கொல்லன், ஒருவன் தட்டான், பிரிவு வந்தே தீரும் என்கிறான். இந்த உடுப்பில் நான் சரியாக இல்லை, பட்டறையில் என்னைப் பார்த்தால் குறை தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போகிறான். விடுதிக்குப் பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பனாரை நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய நேர்ந்து தடுமாறியவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் இந்த அத்தியாயத்தைச் சுலபமாகப் படித்துவிட முடியாது.

மாக்விச் திரும்பி வரும் பகுதி இதற்கு மறுபக்கம். ஆஸ்திரேலியாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையெல்லாம் அவன் இந்தப் பிள்ளையைக் கனவானாக்கச் செலவிட்டிருக்கிறான். அலமாரியில் அடுக்கியிருக்கும் புத்தகங்களைப் பார்த்துப் பூரித்துப் போகிறான். எனக்குப் படித்துக் காட்டு, அந்நிய பாஷையாக இருந்தாலும் பரவாயில்லை, புரியாவிட்டாலும் பெருமைதான் என்கிறான். பிப் படிக்கிறான். கைதி கணப்பின் முன் நின்றுகொண்டு, தான் செய்த பொருளைக் கண்காட்சியில் வைத்தவனைப் போல் பார்க்கிறான். ஒரு வார்த்தையும் புரியாமல் கேட்டு மகிழ்கிற அந்தக் கிழவனைப் பார்த்துப் பிப்புக்கு அருவருப்பு உண்டாகிறது. நமக்கோ வேறொன்று நினைவுக்கு வருகிறது. மகன் இங்கிலீஷ் படிப்பதைக் கதவோரத்தில் நின்று கேட்ட தாய்மாரின் பெருமையில் இதே அம்சம் இருக்கவில்லையா? அதைக் கேலி செய்வதும் எளிது, போற்றுவதும் எளிது. டிக்கன்ஸ் இரண்டும் செய்யாமல், அந்த இரண்டு மனிதர்களையும் ஒரே அறையில் விட்டுவிடுகிறார்.

மாக்விச்சோடு குற்றம் செய்த காம்பேசன் என்பவன் நன்றாகப் படித்தவன். பலருடைய கையெழுத்தைப் போலவே எழுதும் சாமர்த்தியமுள்ளவன். இருவரும் சேர்ந்து பிடிபட்டபோது, பார்வைக்குக் கனவானாக இருந்த காம்பேசனுக்கு 7 வருஷம். மாக்விச்சுக்கு 14 வருஷம். படிப்புக்கு நீதிமன்றத்தில் கிடைத்த தள்ளுபடி இது. படிப்பைத் தோற்றமாக மட்டும் மதிக்கிற சமூகம் எங்கே போய் முடியும் என்பதை இந்த இரண்டு எண்களில் டிக்கன்ஸ் சொல்லிவிடுகிறார்.

திருப்பம் எங்கே வருகிறது? மாக்விச் பிடிபட்டு, சிறையில் நோயாளியாகக் கிடந்து, மரண தண்டனை பெறுகிறபோது. பிப் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மனு எழுதுகிறான். உள்துறை மந்திரிக்கு ஒன்று, இரக்கமுள்ளவர்கள் என்று நம்பிய பெரிய மனிதர்களுக்குச் சில, அரசருக்கே ஒன்று. சிறை ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்து அவனுக்குப் படித்துக் காட்டுவதைத் தன் முதல் கடமையாகக் கொள்கிறான். மனுக்கள் பயன்படவில்லை, தண்டனைக்கு முன்பே மாக்விச் இறந்துபோகிறான். ஆனால் சிலேட்டில் எழுதிய அந்தப் பழைய கடிதத்துக்குப் பிறகு, பிப்பின் எழுத்து முதல் தடவையாக ஒரு மனிதனுக்காக எழுதப்படுகிறது. அந்நிய பாஷையைப் படித்துக் காட்டியபோது இருந்த அருவருப்பு எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

பிறகு பிப் காய்ச்சலில் விழுகிறான். கண் விழித்தால் பக்கத்தில் ஜோ. அப்போதுதான் அந்த அதிசயம். ஜோ மேஜைமுன் உட்கார்ந்து, ஆயுதப் பெட்டியிலிருந்து பொறுக்குவதுபோல் ஒரு பேனாவைத் தேர்ந்தெடுத்து, கடப்பாரை பிடிக்கப் போகிறவனைப் போலச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பிட்டிக்குக் கடிதம் எழுதுகிறான்! எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு, எழுந்து நின்று பல கோணங்களிலிருந்து அதைப் பார்த்து ரசிக்கிறான். பிப் கற்பித்தபோது ஏறாத எழுத்து, பிட்டி கற்பித்தபோது ஏறிவிட்டது. மூளை மட்டமானவன் என்று நாம் கட்டிய முடிவு இங்கே தகர்ந்து போகிறது. ஜோவிடம் குறையில்லை. தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறவனிடமிருந்து எவனும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இருக்கிறபடியே தன்னை மதிக்கிறவளிடமிருந்து நாற்பது வயதிலும் கற்றுக்கொள்ளலாம். கல்வி சாஸ்திரத்தைப் பற்றிப் பல நூல்கள் சொல்வதை இந்த இரண்டு காட்சிகள் சொல்லிவிடுகின்றன என்றால் மிகையாகாது.

பிப் தேறியதும் ஒரு காலையில் ஜோ இல்லை. மேஜைமேல் ஒரு துண்டுக் கடிதம். தொந்தரவு செய்ய விரும்பாமல் போகிறேன், இனி நான் இல்லாமலே உனக்கு நன்றாக இருக்கும், என்றைக்கும் நாம் சிநேகிதர்கள் என்பது அதன் சாரம். கூடவே ஒரு ரசீது. பிப்பைச் சிறைக்கு இழுக்க இருந்த நூற்றிருபத்து மூன்று பவுனுக்கு மேற்பட்ட கடனை, செலவோடு, கொல்லன் கட்டியிருக்கிறான். கதையின் தொடக்கத்தில் பிப் ஜோவுக்கு எழுதிய கடிதம். முடிவில் ஜோ பிப்புக்கு எழுதிய கடிதம். முன்னது, பக்கத்தில் இருப்பவனுக்கு இன்னும் நெருங்கி வர எழுதியது. பின்னது, நெருங்கியவனைவிட்டு மரியாதையாக விலகிப் போக எழுதியது. எழுத்துக் கற்றதும் ஜோ செய்த காரியம், தன்னால் பிப்புக்கு வெட்கம் நேராமல் பார்த்துக்கொண்டதுதான். இதைவிடக் கடுமையான தண்டனையை டிக்கன்ஸ் தம் கதாநாயகனுக்குக் கொடுத்திருக்க முடியாது.

‘அப்படியானால் படிக்காதவன்தான் நல்லவன் என்கிறாரா டிக்கன்ஸ்?’ என்று சிலர் கேட்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அது மட்டமான உபதேசமாகியிருக்கும். பிப்பின் அக்காளைத் தாக்கிய ஆர்லிக் படித்தவன் அல்ல. பிட்டியும், பிப்பின் தோழன் ஹெர்பர்ட்டும் எழுத்தறிந்தவர்கள், இருவரும் தங்கமானவர்கள். ஜோவே படிப்பை இகழவில்லை. அரசகுமாரனும் முதலெழுத்திலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று பிப்புக்குத் தைரியம் சொல்கிறவன் அவன். எழுத்து ஒரு கருவி, சம்மட்டியைப் போல. எதன்மேல் அடிக்கிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும். ஆனால் ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஜோ பிப்பின்மேல் ஒரு தடவைகூட உண்மையாகக் கோபப்படுவதில்லை. கோபப்பட்டிருந்தால் அந்தப் பாத்திரம் இன்னும் நிஜமாகியிருக்கும். தம் மனச்சாட்சிக்கு ஜோவின் மன்னிப்பு தேவைப்பட்டதால், டிக்கன்ஸ் அவனிடமிருந்து கோபத்தை எடுத்துவிட்டார் போலும்.

மனச்சாட்சி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிக்கன்ஸ் சிறு வயதில் தகப்பனாரின் சின்னப் புத்தகச் சேகரத்தைப் படித்து வளர்ந்தவர். 1824-இல் தகப்பனார் கடனுக்காகச் சிறை போனார், புத்தகங்கள் விலைபோயின, 12 வயதுச் சிறுவன் பூட்ஸ் மை டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போனான். உடன் வேலை செய்த சாமானியப் பையன்களோடு சேர்ந்திருக்க நேர்ந்ததை நினைத்து அவன் உள்ளம் குமைந்தது. அங்கே அவனுக்கு அன்பு காட்டிய ஒரு பையனின் பெயர் பாப் ஃபேகின். பின்னாளில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ எழுதியபோது, திருட்டுக் கிழவனுக்கு அந்தப் பெயரைத்தான் டிக்கன்ஸ் சூட்டினார். இந்தச் சரித்திரத்தை அவர் தம் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. 1870-இல் அவர் காலமான பின்பு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே உலகம் அறிந்தது. படித்த பிள்ளையின் வெட்கம் எப்படிப்பட்ட நன்றிகெட்ட வெட்கம் என்பது அவருக்கு அந்தரங்கமாகத் தெரியும். ஜோவைப் படைத்தது அதற்குப் பிராயச்சித்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் பிப் என்ன ஆகிறான்? கனவானாகவில்லை, வெளிநாட்டில் ஹெர்பர்ட்டின் வியாபார ஸ்தலத்தில் குமாஸ்தாவாகிறான். அத்தனை ஆர்ப்பாட்டமான படிப்பும் ஒரு கௌரவமான கணக்கு வேலையில் வந்து நிற்கிறது. பதினோரு வருஷம் கழித்து ஊர் திரும்புகிறான். ஜோவும் பிட்டியும் கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பிள்ளைக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் பிப்பை இடுகாட்டுக்கு அழைத்துப் போய், கல்லொன்றின்மேல் உட்கார வைக்கிறான் பெரியவன். பழைய கல்லறை எது என்று குழந்தை காட்டுகிறது.

ஆனால் நாவல் முடிந்த பிறகும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ முழுவதும் பிப் தன் வாயால் சொல்லும் கதை. ஜோவுக்குத் தான் செய்த துரோகங்களை ஒன்றுகூட விடாமல், சமாதானம் சொல்லாமல், அவனே எழுதி வைத்திருக்கிறான். கதவுக்கு வெளியே எழுத்தைத் தடவிய அந்த விரலின் ஓசையை அவன் எழுதாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. லண்டனில் இருந்த நாளெல்லாம் ஜோவுக்கு எழுதாத கடிதங்களை, 59 அத்தியாயங்களாக அவன் எழுதித் தீர்த்திருக்கிறான். பிட்டி கற்றுக் கொடுத்திருப்பதால், இதை ஜோவும் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்திருக்கலாம். தன் பெயர் வரும் இடங்களில் சற்று நின்று, முன்போலவே மகிழ்ந்திருக்கலாம்.

நம் அலமாரியில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பது பெரிய விஷயமல்ல. அவற்றைப் படித்த பிறகு, நம் வீட்டு ஜோக்கள் நம் எதிரே தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுகிறார்களா, தங்கள் கதையை நம்மிடம் சொல்கிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும். படிப்பு நம்மை என்ன செய்திருக்கிறது என்பதற்கு வேறு பரீட்சை தேவையில்லை.